பதினேழடி

வந்தவன் கழுத்துப்பட்டி கட்டியிருந்தான்.
இரண்டு கண்ணாடிக் கோப்பை கேட்டான்.
ஒன்றில் எங்கள் கிணற்றுத் தண்ணீர்,
மற்றதில் அவன் போத்தலில் கொண்டுவந்தது.
கம்பி நீட்டிய ஒரு பெட்டியை மேலே வைத்து
பிளக்கைச் செருகி
"பாருங்க தங்கச்சி" என்றான்.

எங்கள் கோப்பை மஞ்சளாகி
இறைச்சி கழுவிய தண்ணீராகி
கடைசியில் சேறாகக் கிடந்தது.
அவனுடையது அசையவில்லை.
"இதிலயா பிள்ளைக்கு மா கரைக்கிறீங்க?"
பிள்ளைக்கு அன்றைக்கு முப்பத்தாறு நாள்.
மெஷின் எண்பத்தையாயிரம்,
தவணைக்கும் தரலாமாம்.

கத்தாரிலிருந்து அஸ்மீர் குரல் அனுப்பினார்:
வாங்கு.
பிறகு, வாங்காதே, முருங்கை விதை போடு.
பிறகு யாரோ ஒரு டொக்டர் பேசும் வீடியோ,
தலையில்லாமல் தொடங்கிப் பாதியில் நின்றது.
பக்கத்து வளவு ஜெஸீமா ராத்தா
மதிலுக்கு மேலால் சொன்னா:
"நல்லாக் கொதிக்க வை புள்ள,
எல்லாம் செத்துப் போகும்."

கொதிக்க வைத்தேன்.
பயம் கூடக் கூட
இன்னும் கொஞ்சம் கொதிக்க வைத்தேன்.

இரண்டாம் தரம் அவன் வந்தபோது
கறிக்கு எடுத்த உப்பு என் விரலில் இருந்தது.
பத்தாம் ஆண்டில் மின்பகுப்புப் படித்தவள் நான்,
சோதனையில் அந்தக் கேள்வியை விட்டுவிட்டு வந்தவளும் நான்தான்.
அவன் கோப்பையில் ஒரு சிட்டிகை போட்டேன்.
"இப்ப வைங்க நானா."
அவனுடைய சுத்தமும் சேறானது.
துருப்பிடித்தது அவன் கம்பிகள்.
வயரைச் சுற்றிக்கொண்டு போனான்,
தேத்தண்ணியைக் குடிக்காமல்.

நான் சிரிக்கவில்லை.
பொய் வாசலால் வெளியே போனதும்
உண்மை வந்து கதவைத் தட்டுவதில்லை.
தண்ணீர் அப்படியேதான் இருந்தது,
பளிங்காக,
ஒன்றும் சொல்லாமல்.

மூன்று தரம் அதே தண்ணீரால் கழுவி
நிரப்பிய போத்தலை மடியில் வைத்துக்கொண்டு
காத்தான்குடியில் பஸ் ஏறினேன்.
"என்ன, ஸம்ஸமா?" என்றான் கொண்டக்டர்.
கல்லடிப் பாலத்தில் வெயில் அதற்குள் புகுந்து
ஒரு தூசியைக்கூடக் காட்டவில்லை.

பரிசோதனைக் கூடத்தில் கமலவேணி என்றொரு பிள்ளை.
விலை சொல்லவில்லை, பயமும் காட்டவில்லை.
"கிணத்துக்கும் கக்கூசுக் குழிக்கும் எத்தனை அடி?"
இந்த வீட்டில் இதுவரைக்கும்
யாரும் கேட்காத கேள்வி.
"நாற்பது வரும்."
"மதிலுக்கு அங்கால?"

ஆறாம் நாள் ஒரு தாள் தந்தாள்.
ஒரு நிரலில் இருக்கக்கூடியது, மறுநிரலில் இருப்பது.
இரும்பு, பேசுவதற்கில்லை.
நைத்திரேற்று: ஐம்பது என்ற இடத்தில்
தொண்ணூற்று நான்கு.
"நிறமில்லை அக்கா, மணமில்லை, ருசியுமில்லை."
"நான் கொதிக்க வைச்சுத்தானே..."
"கொதிச்சாத் தண்ணிதான் ஆவியாப் போகும்.
இது போகாது. மிச்சத் தண்ணியில கூடும்."

கேத்தல் என் நெஞ்சுக்குள் கொதித்தது.
"இவ்வளவு நாளும் குடுத்ததுக்கு
பிள்ளைக்கு ஏதும் ஆகியிருக்குமா?"
அவள் தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"அது எனக்குத் தெரியாது.
இண்டைக்கே டொக்டரிட்டக் காட்டுங்க, இந்தத் தாளோட.
உதடு நீலம் பிடிச்சா நிக்காம ஓடுங்க.
இனி இந்தக் கிணத்துத் தண்ணி பிள்ளைக்கு வேணாம்."

அந்த மாதம் முழுக்க என்னிடம்
தெரியாது என்று சொன்ன ஒரே ஆள்.
மிச்சம் சொன்ன எல்லாவற்றையும்
அதற்காகவே நம்பினேன்.

உதடு சிவப்புத்தான் என்றார் டொக்டர்.
திரும்பி வந்து நானும் பார்த்தேன்.
விளக்கைப் பிடித்துக்கொண்டு மறுபடி பார்த்தேன்.

விடிய, அஸ்மீர் விட்டுப்போன
மேசன் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு
கிணற்றடிக்குப் போனேன்.
"கொதிக்க வைச்சியா புள்ள?"
மதிலுக்கு மேலால் அதே அன்பான முகம்.
எப்படிச் சொல்ல?
நாடாவின் நுனியை மேலே நீட்டினேன்.
"ராத்தா, இதக் கொஞ்சம்
உங்கட குழி மூடியில பிடிங்களேன்."

இழுபட்டது, தளர்ந்தது, இறுகியது.
நான் வாசித்தேன்: பதினேழு.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.
பிறகு ராத்தாவின் குரல், மெதுவாக,
"அப்ப எங்கட கிணத்துக்கும்
உங்கட குழிக்கும்?"
நுனி இப்போது
என் கையில் இருந்தது.